விடுமுறை வேலைக்காகப் படிப்பை விடலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 20. வணிகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். கடந்த கோடை விடுமுறையில், எங்கள் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கும் பெருநகரம் ஒன்றின் ரயில் நிலையத்தில் தற்காலிகப் பணியாளராக வேலை பார்த்தேன். பயணிகள் தவறவிட்டுச் செல்லும் பொருள்களைப் பதிவு செய்து பாதுகாத்து, உரியவர் வந்து கேட்கும்போது சரிபார்த்து ஒப்படைக்கும் பிரிவு அது. விடுமுறைக் காலத்தில் கூட்டம் பெருகும் என்பதால் மாணவர்களைச் சில வாரங்களுக்கு எடுத்துக்கொள்வார்கள். கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும், விடுமுறையும் கழியும் என்ற எண்ணத்தில்தான் விண்ணப்பித்தேன். அந்த வேலை என்னை இப்படிப் புரட்டிப் போடும் என்று அப்போது தெரியாது.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வீட்டில் யாரும் அதை முழுதாகக் கேட்கவே இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். ரயில்கள் வந்து சேர்ந்து, பெட்டிகளைச் சுத்தம் செய்து முடித்த பிறகு பைகளும் குடைகளும் கைப்பேசிகளும் மூக்குக்கண்ணாடிகளும் எங்கள் அறைக்கு வந்து குவியும். எந்த ரயில், எந்தப் பெட்டி, கண்டெடுத்தவர் யார், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். பணப்பையாக இருந்தால் இருவர் முன்னிலையில் எண்ணி, உறையிலிட்டு ஒட்டி, இருவரும் கையெழுத்திட வேண்டும். கைப்பேசிகளை அணைந்துபோக விடாமல் சார்ஜ் ஏற்றியே வைத்திருப்போம். தொலைத்தவர் வேறு யாருடைய பேசியிலிருந்தாவது தம் எண்ணுக்கு அழைத்துப் பார்ப்பார் அல்லவா? அலமாரிக்குள் ஒன்று மாற்றி ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கும். எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் திரையில் ‘அம்மா’ என்றிருக்கும்.

பொருளைக் கேட்டு வருகிறவரிடம், ‘இதுதானா உங்களுடையது?’ என்று எடுத்துக் காட்டிவிடக் கூடாது என்பதுதான் அங்கே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். அலமாரியைத் திறப்பதற்கு முன்பே அவரை விவரிக்கச் சொல்ல வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் ‘கறுப்புப் பை’ என்பார்கள். அங்கே கறுப்புப் பைகளுக்கு என்றுமே பஞ்சமில்லை. உள்துணி என்ன நிறம், எந்த ஜிப் சரியாக மூடாது, பக்கவாட்டு அறையில் கடைசியாக எதை வைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பதறிக்கொண்டு வந்தவர்கள்கூட நிதானப்பட்டுச் சொல்லத் தொடங்குவார்கள். இப்படிக் கேட்பது எனக்கு நன்றாக வந்தது. மற்றவர்களால் சமாளிக்க முடியாதவர்களை என் பக்கம் அனுப்பும் அளவுக்கு வந்தது.

ஒரு நாள் முதியவர் ஒருவர் வந்தார். இரவு ரயிலில் தூங்கும்போது காது மிஷினைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தவர், அதை மறந்து இறங்கிவிட்டார். ஏற்கெனவே வந்து கேட்டு, பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை என்ற பதிலோடு திரும்பிப் போனவர். நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை என்பதால், கேள்விகளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். அவர் கூடம் முழுவதும் கேட்கும்படி உரக்கப் பதில் சொன்னார். கருவிக்கு உரிய பெட்டி உடைந்துவிட்டதாகவும், மோதிரம் வைக்கும் சிவப்பு டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்ததாகவும் சொன்னபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. இயர்போன்களைக் கொட்டி வைத்திருக்கும் தட்டில் தேடினேன். ‘இயர்போன், ஒற்றை, டப்பாவுடன்’ என்று யாரோ சீட்டு எழுதிக் கட்டியிருந்தார்கள். அவர் அங்கேயே நின்று அதை மாட்டிக்கொண்டு, ஏதாவது பேசு என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சீட்டில் இருந்த எண்ணைப் படித்தேன். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார். மறுநாள் முதல் பதிவேட்டில் செவித்துணைக் கருவிகளுக்கென்று தனிப் பகுதி வந்தது. அதன் தலைப்பு என் கையெழுத்தில் இருக்கிறது.

ஊரில் நான் வாய் திறக்காத பெண் என்று பெயர் எடுத்தவள். அங்கே அப்படி யாருக்கும் தெரியாது. சத்தமாகச் சிரித்தேன், வரிசையில் சண்டை போட்டவர்களை அதட்டி நிறுத்தினேன், வேலை முடிந்து தெரியாத தெருக்களில் நடந்தேன். எங்கே போகிறாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. மாலையில் விடுதி அறையில் பேச ஆளில்லை என்பதும், ஞாயிற்றுக்கிழமைகள் சற்று நீளமாகவே இருந்தன என்பதும், தொடக்கத்தில் சில இரவுகள் அழுதேன் என்பதும் உண்மைதான். அது பெரிய விஷயமில்லை.

இப்போது ஊர் திரும்பிக் கல்லூரியும் திறந்துவிட்டது. எதிலும் மனம் ஒட்டவில்லை. இல்லாத ஒரு நிறுவனத்தின் வரவு செலவைப் பாடப்புத்தகத்தில் சமன் செய்துகொண்டிருக்கும்போது, இதனால் யாருக்கு என்ன என்று தோன்றுகிறது. தோழிகளிடம் பேசினால், ‘ஆரம்பிச்சுட்டாளா ரயில்வே கதையை’ என்று சிரிக்கிறார்கள். கடைக்குப் போகக்கூட அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. அவர் கேட்பது பழைய கேள்விதான். எனக்குத்தான் முன்பு வராத கோபம் வருகிறது. கோபித்துவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

எங்கள் பிரிவின் மேற்பார்வையாளரான அக்கா சென்ற வாரம் செய்தி அனுப்பியிருந்தார். நிரந்தரப் பணியிடம் ஒன்று வரக்கூடும் என்றும், அதற்குப் பட்டம் கட்டாயமில்லை என்றும், விருப்பமிருந்தால் சொல் என்றும் எழுதியிருந்தார். படிப்பை நிறுத்திவிட்டுப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். ‘ரெண்டு மாசம் பை எடுத்துக் கொடுத்தவளுக்கு இவ்வளவு பேச்சா?’ என்றார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

படிப்பை விட்டுவிட்டு அந்த வேலைக்குப் போகலாமா? பிறந்து வளர்ந்த வீட்டிலேயே இப்படி அந்நியமாக உணர்வது ஏதேனும் மனக்கோளாறா? தங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது எளிது. நீங்கள் விவரிப்பது மனக்கோளாறு அன்று. வெளியூரில் சில காலம் ஊன்றி வாழ்ந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு வரும் தடுமாற்றம் அது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதிவருகிறார்கள். ஸ்வெர்ரே லீஸ்கார்ட் என்ற நார்வே நாட்டுச் சமூகவியலாளர், அமெரிக்காவுக்குப் படிக்கவும் பணிபுரியவும் சென்று திரும்பிய தம் நாட்டினரை ஆராய்ந்து, புதிய இடத்தில் மனநிலை முதலில் உயர்ந்தும், பிறகு தாழ்ந்தும், பழகப் பழக மீண்டும் ஏறியும் செல்வதாக 1955-இல் எழுதினார். 1963-இல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் என்ற அமெரிக்க இணையர், அந்த இறக்கமும் ஏற்றமும் சொந்த ஊர் திரும்பிய பின் இன்னொரு முறை நிகழ்கின்றன என்று அதை நீட்டித்தனர். இந்த ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் ஒரே அச்சில் வருவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மையே. ஆனால் திரும்பி வருவதும் ஓர் இடப்பெயர்ச்சிதான் என்ற அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது. புறப்படும்போது பெட்டி கட்டுகிறோம், விசாரித்துக்கொள்கிறோம், நான்கு பேர் அறிவுரை சொல்கிறார்கள். திரும்பும்போது, ‘வீட்டுக்குத்தானே’ என்று ஒரு தயாரிப்பும் இல்லாமல் வந்து இறங்குகிறோம். வீடு இருந்தபடியே இருக்கிறது, வந்தவர்தான் மாறியிருக்கிறார் என்பதால், தவறு தம்மிடம்தான் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது.

இனி வேலையைப் பற்றி. உங்கள் தந்தையார் சொன்னதை நான் ஏற்கவில்லை. பை எடுத்துக் கொடுப்பது எளிய வேலை என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் கணிப்பு. ஒரு வேலை ஒருவரை ஏன் ஈர்த்துப் பிடிக்கிறது என்பதை ஆராய்ந்த ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்ட்ஹாம் இருவரும், 1976-இல் வெளியிட்ட ஆய்வுரையில் ஐந்து தன்மைகளைக் குறிப்பிட்டனர். பல திறன்களைப் பயன்படுத்த இடம் இருத்தல், ஒரு காரியத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே செய்தல், அது பிறர் வாழ்வைத் தொடுதல், தாமாக முடிவெடுக்கும் உரிமை, செய்தது சரியா என்பது வேலையிலேயே தெரிந்துவிடுதல் என்பன அவை. சம்பளத்தின் அளவோ பதவியின் பெயரோ இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இப்போது அந்த முதியவரை நினைத்துப் பாருங்கள். கேள்விகளைத் தாளில் எழுதிக் காட்டலாம் என்று உங்களுக்கே தோன்றியது. இயர்போன் தட்டில் தேடச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. தேடியது கிடைத்ததா என்பது அரைமணிக்குள் தெரிந்துவிட்டது. கிடைத்ததால் ஒரு மனிதருக்கு மீண்டும் காது கேட்டது. ஐந்தும் ஒரே இடத்தில் கூடி வந்த வேலை அது. பெரிய பதவியில் இருக்கும் பலர் இப்படி ஒரு நாளைப் பார்க்காமலேயே ஓய்வு பெறுகிறார்கள். அதை அனுபவித்துவிட்டு வந்தவருக்குப் பாடப்புத்தகக் கணக்கு சுவைக்கவில்லை என்றால் அதற்குச் சோம்பலோ திமிரோ காரணமன்று. கணக்குப் பாடத்தில் அந்த ஐந்தில் ஒன்றிரண்டுகூடத் தேறுவது கடினம். முயற்சிக்கும் பலனுக்கும் இடையே அங்கே ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. படிப்பு என்பது பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான்.

இவ்வளவும் உங்கள் பக்கம் நின்று சொன்னேன். இனிச் சொல்லப்போவது சற்றுக் கசக்கலாம். உங்கள் கடிதத்தில் அந்த முதியவருக்கு ஒரு நீண்ட பத்தி கிடைத்திருக்கிறது. விடுதியின் மாலைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் அழுத இரவுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைத்திருக்கிறது, அதற்கும் ‘பெரிய விஷயமில்லை’ என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டீர்கள். நீங்கள் எதையும் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. டெரன்ஸ் மிட்செல், லீ தாம்ப்சன் முதலியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கலிஃபோர்னியாவில் மூன்று வார மிதிவண்டிப் பயணம் சென்றவர்களிடம் பயணத்துக்கு முன்பும், நடுவிலும், பின்பும் கேட்டுப் பதிவு செய்தார்கள். பயணத்தின்போது ஏமாற்றமாக இருப்பதாகச் சொன்னவர்கள் பலர், முடிந்து சில நாட்களிலேயே அதை மகிழ்ச்சியான அனுபவமாக நினைவுகூர்ந்தார்கள். போகும் முன் இருக்கும் எதிர்பார்ப்பும், வந்த பின் மிஞ்சும் நினைவும் நடுவில் நடந்ததைவிட இனிமையாக இருப்பது மனித இயல்பு. உங்கள் கோடைக்காலத்துக்கு இன்னொரு சலுகையும் இருந்தது: அது முடியும் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தது. சில வாரங்களில் முடிந்துவிடும் ஞாயிற்றுக்கிழமைத் தனிமையும், எத்தனை ஆண்டு என்று தெரியாத ஞாயிற்றுக்கிழமைத் தனிமையும் ஒன்றல்ல. தற்காலிகப் பணியாளரிடம் மேலிடம் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. பாராட்டு எளிதாகக் கிடைக்கும். இரவுப் பணி, புகார்க் கடிதம், வாடகை, ஒரே கேள்வியை ஆயிரமாவது முறை கேட்கும் சலிப்பு ஆகியவை நிரந்தரப் பணியாளருக்கு உரியவை.

ஆகவே நீங்கள் இழந்ததாகச் சொல்வது எது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நிலையத்தில் நீங்கள் கற்ற பாடத்தையே இதற்குப் பயன்படுத்தலாம். அலமாரியைத் திறக்கும் முன் விவரியுங்கள். ‘எனக்கு அந்த நகரம் வேண்டும், அந்த வேலை வேண்டும்’ என்பது உங்கள் பிரிவுக்கு வருகிறவர் ‘கறுப்புப் பை’ என்று சொல்வதைப் போன்றது. அந்த அடையாளத்தில் பல பைகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த நகரமா? பிறருக்கு உடனடியாகப் பயன்படும் வேலை எந்த ஊரில் கிடைத்தாலும் போதுமா? கணக்கியலிலிருந்து விடுதலையா? அல்லது, யாரும் முன்முடிவோடு பார்க்காத இடத்தில் வேறொருத்தியாக இருக்கும் வாய்ப்பா? இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்ததால் ஒரே பொருளாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில், கடைசியாகச் சொன்னதுதான் உங்களை அதிகம் வலிக்கச் செய்கிறது என்று எனக்குப் படுகிறது. ஜெர்மானியச் சமூகவியலாளர் கியார்க் சிம்மல், பெருநகர வாழ்வும் மனமும் பற்றி 1903-இல் எழுதிய கட்டுரையில், சிறிய வட்டங்களில் எல்லோரும் எல்லோரையும் கவனித்துக்கொண்டிருப்பதால் தனிமனிதர் மூச்சு விட இடமின்றி இருப்பதையும், பெருநகரம் அந்தப் பிடியைத் தளர்த்திவிடுவதையும் விளக்கினார். அதே மூச்சில், பெருநகரக் கூட்டத்தில் உணரும் தனிமையைப் போல் வேறு எங்கும் இல்லை என்றும், அது அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம் என்றும் சொன்னார். உங்கள் சிரிப்பும் நடையும் அந்தச் சுதந்திரம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை அதன் மறுபக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த நகரம் உங்களுக்குக் கொடுத்தது. ஆனால் வரிசையில் சண்டை போட்டவர்களை அதட்டி நிறுத்திய குரல் நகரத்தின் குரலன்று, உங்களுடையது. ஊரில் அதற்கு இடம் இல்லை என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதாகத் தெரிகிறது. ஊர் அதை இன்னும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அம்மாவிடம் காட்டிய கோபத்தை மட்டும்தான்.

உங்கள் பெற்றோரின் நிலையிலிருந்து இதைச் சற்றுப் பாருங்கள். வாய் திறக்காத மகளை வழியனுப்பினார்கள். எரிந்து விழுகிற மகள் திரும்பி வந்திருக்கிறாள். நடுவில் நடந்தது எதையும் அவர்கள் பார்க்கவில்லை. நகரத்தை அவர்கள் குறை சொல்வார்களே தவிர, உங்கள் வளர்ச்சி எப்படி அவர்கள் கண்ணில் படும்? அம்மாவை உட்கார வைத்து, எனக்கு எழுதிய அதே விவரத்தோடு, அந்த முதியவரின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். ஊர் எப்படி, கட்டடம் எப்படி என்பதையெல்லாம் விட்டுவிட்டு, நீங்கள் என்ன யோசித்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இரவுகளில் அழுததையும் சேர்த்தே சொல்லுங்கள். அதைச் சொன்னால் உங்கள் வாதம் பலவீனப்படும் என்று பயப்பட வேண்டாம். கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்கிறவரின் பேச்சைத்தான் பெற்றோர் நம்புவார்கள். அவர் ‘எங்கே போகிறாய்’ என்று கேட்பதை நிறுத்த மாட்டார். அந்தக் கேள்விக்குக் கோபப்படாமல், ‘அரைமணியில் வந்துவிடுவேன்’ என்று பெரியவர்கள் சொல்லும் தொனியில் சொல்லிவிட்டுக் கிளம்பப் பழகுங்கள். அனுமதி கேட்பதற்கும் தகவல் சொல்வதற்கும் குரலில்தான் வேறுபாடு இருக்கிறது. இது சில மாதங்கள் எடுக்கும். முதல் வாரத்திலேயே பலன் தெரியாது.

படிப்பை விடலாமா என்ற கேள்விக்கு என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இப்போது விட வேண்டாம். உங்கள் தந்தையார் சொல்லும் காரணம் எனக்குக் காரணமாகத் தெரியவில்லை. என் காரணங்கள் வேறு. அந்தப் பணியிடம் இன்னும் அறிவிக்கப்படவில்லை. ‘வரக்கூடும்’ என்பதை நம்பி, கையில் இருக்கும் இறுதியாண்டை விடுவது சரியான கணக்காக எனக்குப் படவில்லை. மேலும், ஊர் திரும்பிய தடுமாற்றத்தின் நடுவில் எடுக்கும் பெரிய முடிவுகளில், எதை நோக்கிப் போகிறோம் என்பதைவிட எதிலிருந்து ஓடுகிறோம் என்பதே பெரும்பாலும் மேலோங்கி நிற்கும். இன்னொன்றும் உண்டு. மேற்பார்வையாளர் நிலைக்கு உயர விரும்பினால், அங்கேயே பட்டம் கேட்கப்படலாம். அதை இப்போதே விசாரித்துவிடலாம்.

அதே சமயம், படித்து முடித்துவிட்டு எல்லோரும் சொல்லும் வேலைக்குப் போய்விடுங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். வணிகவியலை நீங்கள் தேர்ந்தெடுத்த கதை கடிதத்தில் இல்லை. அது எப்படி உங்கள் கைக்கு வந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். இளையோர் தம் வாழ்க்கையை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜேம்ஸ் மார்சியா, 1966-இல் நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். எதையும் தேடிப் பார்க்காமலேயே பிறர் கொடுத்த பாதையை உறுதியாக ஏற்றுக்கொள்வது அவற்றுள் ஒன்று. இன்னும் முடிவெடுக்காமல் தேடிக்கொண்டிருப்பது வேறொன்று. இந்த நிலையில் இருப்பவர்களிடம் பதற்றம் அதிகமாகக் காணப்படுவது வழக்கம். நீங்கள் முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்கு நகர்ந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம். அப்படியானால் இந்த அமைதியின்மையை அடக்க வேண்டியதில்லை. பரிசோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மருத்துவமனையின் விசாரணை மேசை, நூலகம், முதியோர் இல்லம், நுகர்வோர் குறைதீர்ப்பு மையம் என, பதறி வருகிறவரை நிதானப்படுத்தி அவர் தேடுவதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலை எல்லா ஊர்களிலும் இருக்கிறது. வார இறுதியில் சில மணி நேரம் அப்படி ஓரிடத்தில் பணியாற்றிப் பாருங்கள். ஊரிலேயே அந்த நிறைவு கிடைத்தால், நீங்கள் தேடியது அந்த வகை வேலையைத்தான் என்பது தெளிவாகும். கிடைக்கவில்லை என்றால், நகரத்தின் மீதான உங்கள் விருப்பம் உண்மையானது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது படிப்பு முடிந்ததும் அங்கே போவதற்கு நானே உங்கள் தந்தையாரிடம் பரிந்து பேசுவேன்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சோர்வு நாள் முழுதும் நீடித்து, இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கம், பசி, படிப்பில் கவனம் ஆகியவை கெட்டுப்போனாலோ, முன்பு பிடித்த எதுவுமே பிடிக்காமல் போனாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, ஊர் திரும்பிய தடுமாற்றம்தானே என்று தள்ளிப் போடாமல் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அறிகுறி எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனாலும் கடிதத்தில் எல்லாம் தெரிந்துவிடுவதில்லை.

அந்த அக்காவுக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். அவர் உங்களை நினைவில் வைத்து எழுதியிருக்கிறார். மௌனம் அதற்குச் சரியான மறுமொழியன்று. இறுதியாண்டை முடித்துவிட்டு வர விரும்புகிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, உங்களுக்குத் தெரிய வேண்டியவற்றைக் கேளுங்கள்: கூட்டம் இல்லாத மாதங்களில் வேலை எப்படி இருக்கும், இரவுப் பணி எத்தனை நாள், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும், அதில் தங்குமிடத்துக்கு எவ்வளவு போகும், கவுண்டரிலேயே இருக்க முடியுமா அல்லது சில மாதங்களில் அலுவலகக் கோப்புகளுக்கு மாற்றிவிடுவார்களா, பட்டம் இருந்தால் எந்த நிலையில் சேரலாம், அடுத்த விடுமுறைக்கும் தற்காலிகப் பணியாளர்களை எடுப்பார்களா. அவருடைய பதில் வந்ததும் அதை வீட்டில் அப்பாவுக்கும் படிக்கக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்